ஜமாபந்தி, சிட்டா, அடங்கல் - சேலத்து மண்ணில் சில விநோதச் சொற்கள்

சேலத்திலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜாகீர் அம்மாபாளையம், சர்க்கார் கொல்லப்பட்டி, அமானி கொண்டலாம்பட்டி, மிட்டாபுதூர். பாளையமும் பட்டியும் புதூரும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த ஜாகீர், அமானி, மிட்டா எல்லாம் என்ன? ஜாகீர் என்று யாராவது ஒருவர் இருந்தாரா? மிட்டாபுதூரில் மிட்டாய் செய்தார்களா?

இரண்டும் இல்லை. இந்த நான்கு அடைமொழிகளும் வரிக் கணக்கிலிருந்து வந்தவை. அந்த ஊரில் உழுதவன் தன் வரியை யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான் என்பதுதான் அவற்றின் அர்த்தம்.

'ஜாகீர்' பாரசீகச் சொல். அரசர் தன் படைத்தலைவருக்கோ அதிகாரிக்கோ சம்பளத்துக்குப் பதிலாக "அந்த ஊர் வரியை நீயே வசூலித்துக்கொள்" என்று விட்டுக்கொடுத்தால் அது ஜாகீர். 'சர்க்கார்' என்றால் வரி நேராக அரசாங்கத்துக்கு. 'அமானி' என்றால் வசூலை யாருக்கும் குத்தகைக்கு விடாமல் அதிகாரிகளே நேரில் இறங்கி வசூலிப்பது. 'மிட்டா' என்பது ஏலம் போன ஊர். அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஆக, ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை மாறினால் உழுதவனுடைய எஜமானன் மாறிவிடுவான்! இப்படிப்பட்ட சொற்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன, சேலம் - நாமக்கல் பக்கத்து மனிதர்களின் அன்றாட வேலையை எப்படிப் பாதித்தன என்பதுதான் இந்தக் கட்டுரை.

வேலை செய்கிறவனின் சொற்கள்

முதலில், வரி போடுகிறவர்கள் வருவதற்கு முன்னாலேயே இங்கே இருந்த சொற்கள்.

கொங்குப் பக்கத்தில் ஒருவர் "காட்டுக்குப் போறேன்" என்று சொன்னால் புலி வேட்டைக்குக் கிளம்புகிறார் என்று வெளியூர்க்காரர்கள் பயந்துவிடக் கூடாது. இங்கே காடு என்றால் மழையை நம்பிய மேட்டு நிலம். சோளம், கம்பு, நிலக்கடலை போடுகிற இடம். 'தோட்டம்' என்றால் பூச்செடி வைத்த இடம் இல்லை, கிணற்றுப் பாசன நிலம். ஏரியிலோ வாய்க்காலிலோ தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்தால் அது 'வயல்'. இந்த மூன்று சொல்லைக் கேட்டாலே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என்ன விளையும், எத்தனை ஆள் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தது கவலை. சரிவில் மாடுகள் முன்னும் பின்னும் நடக்க, வடக்கயிற்றில் கட்டிய சால் கிணற்றிலிருந்து தண்ணீரோடு மேலே வரும். இதற்குப் பெயர் கவலை ஓட்டுவது. விடியற்காலையிலிருந்து கவலை ஓட்டியவர்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அதன் பெயர் கிஸ்தி.

வேலைக்கான சொற்கள் தமிழில் இருந்தன. ஆனால் அந்த வேலையின் பலனை அளந்து எடுத்துக்கொண்டு போகிற சொற்கள் வேறு மொழிகளிலிருந்து வந்து சேர்ந்தன. மதுரை நாயக்கர், மைசூர் உடையார், ஹைதர் அலி, திப்பு சுல்தான், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. ஆள்பவர் மாறும்போதெல்லாம் கணக்குப் பிள்ளையின் மொழியும் கொஞ்சம் மாறியது.

1792: மொழி தெரிந்த சிப்பாய்கள்

மூன்றாம் மைசூர் போரில் தோற்ற திப்பு, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலத்தையும் பாராமகாலையும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். வரி வசூலிக்கக் கம்பெனிக்கு ஆள் வேண்டும். சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழி தெரியவில்லை என்பது கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் குறை. அதனால் அவர் ராணுவத்திலிருந்து அலெக்சாண்டர் ரீட் என்ற அதிகாரியைத் தேர்ந்தெடுத்தார். ரீடுக்கு உதவியாக வந்தவர்கள் மூன்று பேர்: கிரஹாம், மெக்லியோட், தாமஸ் மன்றோ. மன்றோ தருமபுரிப் பகுதியையும், மெக்லியோட் சேலம் முதலான தெற்குப் பகுதியையும் கவனித்தார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் கவர்னராக ஆனாரே, அதே மன்றோதான்.

அதாவது, மொழி தெரிந்ததால்தான் இந்தச் சிப்பாய்களுக்குக் கலெக்டர் வேலை கிடைத்தது!

அவர்கள் நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள். இடையில் ஜமீன்தார், பாளையக்காரர் யாரும் வேண்டாம், உழுகிறவனோடு அரசாங்கமே நேராகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார்கள். அதுதான் பள்ளிப் பாடப் புத்தகத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த ரயத்துவாரி முறை. பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துபோன அந்த முறை பிறந்தது இந்த மண்ணில்தான்.

'ரயத்து' என்ற சொல்லையும் பாருங்கள். அரபியில் 'ரஇய்யத்' என்றால் மேய்ப்பவனின் பாதுகாப்பில் உள்ள மந்தை. அதிலிருந்து 'குடிமக்கள்' என்ற அர்த்தம் வந்தது. பிறகு இந்தியாவில் 'வரி கட்டுகிற உழவன்' என்று ஆனது. நம் ஊரில் அவனுக்கு ஏற்கெனவே குடியானவன் என்று ஒரு நல்ல பெயர் இருந்தது. காகிதத்தில் மட்டும் அவன் ரயத்து.

வருஷா வருஷம் ஜமாபந்தி

ரீட் 1796-ல் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதன்படி குடியானவன் ஒவ்வொரு வருஷமும் தனக்கு எவ்வளவு நிலம் வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம். வைத்திருக்கும் நிலத்துக்கு மட்டும் தீர்வை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் எந்த நிலத்தை வைத்திருக்கிறார், எதை விட்டார் என்று வருஷா வருஷம் யாராவது எழுத வேண்டுமே? அதுவரை ஊருக்கு மொத்தமாக இருந்த கணக்கு இப்போது ஆளுக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று என்று ஆனது. எழுதத் தெரியாத குடியானவனின் வாழ்க்கைக்குள் காகிதம் நுழைந்தது இப்படித்தான். அந்தக் காகிதங்களின் பெயர்களை வரிசையாகப் பார்க்கலாம்.

ஜமாபந்தி: 'ஜமா' அரபி, மொத்தம் என்று பொருள். 'பந்தி' பாரசீகம், கட்டி முடிப்பது. வரியின் மொத்தத் தொகையைத் தீர்மானித்து முடிப்பது ஜமாபந்தி. காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: வட இந்தியக் கடைக் கணக்கில் வரவுப் பக்கத்துக்கு இன்னும் 'ஜமா' என்றுதான் பெயர். இன்றும் தாலுகா அலுவலகங்களில் கோடையில் ஜமாபந்தி நடக்கிறது. அரசு வைத்த தமிழ்ப் பெயர் 'வருவாய்த் தீர்வாயம்'. ஆனால் பெட்டிஷன் எழுதிக்கொண்டு போகிற எவரும் "தீர்வாயத்துக்குப் போறேன்" என்று சொல்வதில்லை!

பசலி: அரபியில் 'பஸ்ல்' என்றால் பருவம், அறுவடை. ஹிஜ்ரி ஆண்டு நிலாக் கணக்கு, சுமார் 354 நாள். அதை வைத்து வரி கேட்டால் சில வருஷங்களில் பயிர் பச்சையாக நிற்கும்போதே கெடு வந்துவிடும். அதனால் அக்பர் காலத்தில் சூரியக் கணக்குக்கு மாற்றி வரிக்கென்றே ஓர் ஆண்டை வைத்தார்கள். தக்காணத்தில் அதைக் கொண்டுவந்தது ஷாஜகான், 1636-ல். அப்போது ஹிஜ்ரி 1046. இரண்டையும் கழித்தால் 590. அதனால்தான் நம் ஊரில் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி கிடைக்கிறது. 2025 ஜூலை 1-ல் தொடங்கியது பசலி 1435. ஷாஜகான் கட்டிய தாஜ்மகாலைப் பார்க்காத நாமக்கல் விவசாயி கூட அவர் ஆரம்பித்த காலண்டரில்தான் வரி கட்டுகிறார்.

கிஸ்தி: அரபியில் 'கிஸ்த்' என்றால் பங்கு, தவணை. இன்றைய இ.எம்.ஐ.க்கு அண்ணன்!

பட்டா: வடமொழி 'பட்ட' என்பதன் வழி வந்தது. கோயில் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் வரும் 'பட்டயம்' இதற்கு நெருங்கிய சொந்தம். நிலம் இன்னார் பெயரில் என்று சொல்லும் தாள்.

சிட்டா: மராத்தி, இந்தி மொழிகளில் வழங்கும் கணக்குத்தாள் 'சிட்டா'. ஒருவருக்கு அந்த ஊரில் மொத்தம் எவ்வளவு நிலம், எவ்வளவு தீர்வை என்று ஆள்வாரியாகச் சொல்லும்.

அடங்கல்: அப்பாடா, ஒரு தமிழ்ச் சொல்! எல்லாம் அடங்கியது அடங்கல். எந்த சர்வே எண்ணில், யார், என்ன பயிர் வைத்திருக்கிறார், தண்ணீர் எங்கிருந்து என்று நிலவாரியாகச் சொல்லும். கிராமக் கணக்குகளில் இது 2-ஆம் எண்.

இந்த வரிசையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பட்டாவும் சிட்டாவும் யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்கின்றன. அடங்கல் மட்டும்தான் யார் பாடுபடுகிறார் என்பதையும் எழுதி வைக்கிறது. எழுதி வைக்க வேண்டும் என்று சொல்வதே சரி.

ஏலம் போன ஊர்கள்

இப்போது மிட்டாவுக்கு வருவோம். ரீடும் மன்றோவும் போன பிறகு, வங்காளத்தில் செய்ததைப் போலவே இங்கேயும் நிரந்தரத் தீர்வை கொண்டுவர வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. 1802-ல் அதற்குச் சட்டம் வந்தது. வங்காளத்தில் ஏற்கெனவே ஜமீன்தார்கள் இருந்தார்கள். சேலத்தின் பெரும்பகுதியிலோ அப்படி யாரும் இல்லை. என்ன செய்வது? ஊர்களைக் கூறுகூறாகக் கட்டி ஏலம் விட்டார்கள்! ஒவ்வொரு கூறும் ஒரு மிட்டா. ஏலம் எடுத்தவர் மிட்டாதார். கையில் பணம் இருந்தவர் ஒரே நாளில் பல ஊர்களுக்கு எஜமானர் ஆனார்.

வயல் வயலாக அளந்து நிர்ணயித்த தீர்வையைக் கட்டிவந்த குடியானவன் இப்போது மிட்டாதாரின் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. பல மிட்டாதாரர்களாலும் கம்பெனிக்குச் சொன்ன தொகையைக் கட்ட முடியவில்லை. பாக்கி விழுந்த மிட்டாக்கள் திரும்ப அரசாங்கத்தின் கைக்கு வந்து, ரயத்துவாரிக்கே போயின. தாக்குப் பிடித்த மிட்டாக்கள் 1948-ல் வந்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தன. அதனால்தான் சேலம் பக்கத்தில் ஓர் ஊர் சர்க்காராகவும் பக்கத்து ஊர் மிட்டாவாகவும் கலந்து கிடந்தன.

1855: அதிகாரிக்கு அகராதி, குடியானவனுக்கு கிட்டி

1855-ல் இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன.

ஒன்று, லண்டனில் எச்.எச். வில்சன் தொகுத்த வருவாய், நீதித்துறைச் சொற்களின் அகராதி. அரபி, பாரசீகம், வடமொழி, தமிழ், தெலுங்கு என்று இந்தியா முழுக்கக் கச்சேரிகளில் புழங்கிய ஆயிரக்கணக்கான சொற்களுக்கு ஆங்கிலத்தில் அர்த்தம். புதிதாகக் கப்பலேறி வரும் கம்பெனி அதிகாரிக்கு ஜமாபந்தி என்றால் என்ன, புறம்போக்கு என்றால் என்ன என்று தெரிய வேண்டுமே!

இன்னொன்று, சென்னையில் வெளியான சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை. மாகாணத்தில் நிலவரி பாக்கிக்காக அடிமட்ட ஊழியர்கள் குடியானவர்களை என்ன செய்தார்கள் என்று விசாரித்த அறிக்கை அது. அதிலும் நம் சொற்கள் இருக்கின்றன. 'கிட்டி' என்றால் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கைவிரல்களை வைத்து நெருக்குவது. 'அண்ணாந்தாள்' என்றால் கழுத்தையும் கால் பெருவிரலையும் கயிற்றால் பிணைத்து, ஆளை வளைத்து வெயிலில் நிறுத்துவது. பல இடங்களில் பாக்கி சில அணாக்களும் சில ரூபாய்களும்தான். இந்த அறிக்கையைப் படித்துவிட்டு கார்ல் மார்க்ஸ் 1857-ல் நியூயார்க் டெய்லி டிரிபியூன் பத்திரிகையில் தனிக் கட்டுரையே எழுதினார்.

அதிகாரிக்குச் சொல் புரியாவிட்டால் அகராதி இருந்தது. குடியானவனுக்குப் புரியாவிட்டால் ஓர் ஆள்தான் இருந்தார். அவர் பெயர் கர்ணம்.

கர்ணம் சொன்னால் சரி

'கரணம்' என்ற வடமொழிச் சொல்லுக்கு எழுத்து வேலை செய்பவர் என்று பொருள். ஊர்க் கணக்கு அத்தனையும் கர்ணத்தின் கையில். வேலை பெரும்பாலும் பரம்பரையாகவே வந்தது. பக்கத்திலேயே வரி வசூலிக்க மணியக்காரர், காவலுக்குத் தலையாரி, ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விட நீர்க்கட்டி.

கர்ணம் நல்லவராக இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால்? நிலம் தரிசா விளைச்சலா, பட்டா யார் பெயரில், போன கிஸ்தி வரவு வைக்கப்பட்டதா இல்லையா, எல்லாம் அவர் பேனா முனையில். குடியானவனுக்குத் தன் காட்டின் ஒவ்வொரு கல்லும் தெரியும். ஆனால் அந்தக் காடு காகிதத்தில் எப்படி இருக்கிறது என்பது கர்ணத்துக்குத்தான் தெரியும்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. பதவி இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1982-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அந்த இடத்தில் வந்தவர்தான் வி.ஏ.ஓ. எனப்படும் கிராம நிர்வாக அலுவலர். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை எழுதி அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று ஆனது. இது சின்ன விஷயம் இல்லை. ஒரு காலத்தில் கச்சேரி வாசலில் கைகட்டி நின்ற குடும்பத்துப் பெண் இன்று அதே அடங்கலில் கையெழுத்துப் போடலாம்.

திட்டாகிப் போன சொற்கள்

இந்த வரிச் சொற்களில் சில ஆபீசை விட்டுத் தெருவுக்கும் வந்துவிட்டன.

'புறம்போக்கு' என்றால் தீர்வைக் கணக்குக்குப் புறத்தே நிற்கும் நிலம். ஏரி, பாதை, மந்தைவெளி, சுடுகாடு எல்லாம் அதில் அடக்கம். ஊருக்கே பொதுவான இடம். இன்று அது ஒரு வசவு! வரி வராத நிலம் வீண் நிலம் என்று நினைத்த கணக்கு, நம் வாயிலும் ஏறிக்கொண்டது.

'வெட்டி' இன்னும் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்ய வேண்டிய வேலை. ஏரி தூர்வார, வாய்க்கால் வெட்ட ஊர் மக்கள் கொடுத்த உழைப்பு. இன்று நண்பர்கள் ஒருவரையொருவர் "வெட்டி ஆபீசர்" என்று கிண்டல் செய்கிறார்கள். அன்றைக்கு வெட்டி செய்தவன் சும்மா இருந்தவன் இல்லை, சும்மாவே உழைத்தவன்!

'தண்டல்' என்றாலே வரி வசூல்தான். இன்று சேலம், நாமக்கல் கடைத்தெருக்களில் அதன் அர்த்தம் தினசரி வசூல் கடன். உதாரணத்துக்கு, 10,000 ரூபாய்க் கடனில் 1,000-ஐப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வாங்கினால், பார்க்க 10 சதவீதம் போலத் தெரியும். அசலும் தினம் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். ராஜா காலத்துச் சொல், வசூலிக்கிறவர் மட்டும் வேறு.

இன்றைக்கு என்ன?

பட்டாவும் சிட்டாவும் இப்போது ஒரே தாளாகி இணையத்தில் கிடைக்கின்றன. செல்போனில் சர்வே எண்ணைத் தட்டினால் பார்த்துவிடலாம். 1792-லிருந்து இது பெரிய தூரம்தான்.

ஆனால் அடங்கல் விஷயம் மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ராசிபுரம் பக்கம் ஒருவர் இன்னொருவருடைய நிலத்தை வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு எடுத்துக் குச்சிக்கிழங்கு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உழவு, ஆள் கூலி, உரம் எல்லாம் அவர் பணம். ஆனால் பட்டா நிலத்துக்காரர் பெயரில். அடங்கலிலும் பெரும்பாலும் அவர் பெயரே. குத்தகைக்காரர் பெயரை எழுதினால் நாளைக்கு உரிமை கேட்பார் என்ற பயம் நிலத்துக்காரருக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பயிர் காய்ந்துபோனால் நிவாரணத்துக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும் அதே அடங்கல்தான். பாடுபட்டவர் பெயர் அதில் இல்லை என்றால் பணம் வேறு பக்கம் போய்விடும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. வாய்ப்பேச்சாகவே குத்தகை நடக்கும் இடத்தில் அந்தச் சட்டம் என்ன செய்யும்?

கடன் கிடைக்காத குத்தகைக்காரர் அடுத்துப் போகிற இடம் எது என்று சொல்லத் தேவையில்லை. தண்டல்காரரிடம்தான்.

அதனால், வீட்டில் காடோ தோட்டமோ இருக்கிற நண்பர்கள் ஒரு வேலை செய்யலாம். பட்டா எடுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அடங்கலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். என்ன பயிர் என்று எழுதியிருக்கிறது, யார் பயிர் செய்வதாக எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நிலத்தில் இருப்பதும் அதில் இருப்பதும் வேறாக இருந்தால், அடுத்த ஜமாபந்தியில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்துக் காட்டுக்காரர் யாராவது இருந்தால் அவருக்கும் சேர்த்து.